துவக்கு இருந்திருந்தால்

அன்பின் ஐயா,

நான் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்துப் பிள்ளை. இப்போது டெக்சாஸில் வேலை. இங்கே 2021 முதல் 21 வயது தாண்டியவர்கள் கைத்துப்பாக்கியோடு வெளியே போக லைசன்ஸ்கூடத் தேவையில்லை. சனத்திடம் துவக்கு இருந்தால் சர்வாதிகாரம் வராது என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஊரில் அப்பாவோ பன்றிக்கு வைத்திருக்கிற பழைய துவக்குக்கு வருஷா வருஷம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலைகிறார். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு துவக்கு இருந்திருந்தால், 2006 இல் திருகோணமலைக் கடற்கரையில் அந்த ஐந்து மாணவர்களைச் சுட்டிருப்பார்களா?

க., ஒஸ்டின்

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவின் துவக்கு. வயல் பரணில் இரவு முழுக்க மடியில் கிடக்கிற அந்த வேட்டைத் துவக்குக்கு லைசன்ஸ் கொடுப்பது வெள்ளைக்காரன் காலத்து 1916 ஆம் ஆண்டுச் சட்டம். அப்பாவின் பெயர், விலாசம், துவக்கின் இலக்கம் எல்லாம் கச்சேரிப் பதிவில் இருக்கின்றன. அரசாங்கம் கெட்டுப்போகிற அன்றைக்கு முதலில் தட்டப்படும் கதவு அவருடையதுதான். அரசாங்கம் தட்டாவிட்டால் அதை எதிர்க்கிறவர்கள் தட்டுவார்கள். தெற்கில் சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி., 1971 இலும் எண்பதுகளின் கடைசியிலும் செய்த இரண்டு கிளர்ச்சியிலும் கிராமத்து வேட்டைத் துவக்குகளை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது. 1971 ஏப்ரலில் அவற்றைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையங்களைத் தாக்கப் போன பெடியன்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கிளர்ச்சி சில வாரங்களில் அடங்கிவிட்டது. அவசரகாலச் சட்டமோ 1977 வரை நீடித்தது.

அமெரிக்கக் கதையையும் உங்கள் நண்பர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். துவக்கு உரிமையைத் தந்த இரண்டாம் திருத்தம் வந்தது 1791 இல். மூன்று வருடம் கழித்து, விஸ்கி வரியை எதிர்த்துப் பென்சில்வேனியா விவசாயிகள் துவக்கு தூக்கியபோது, ஜனாதிபதி வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையோடு தானே கிளம்பினார். 1967 இல் கலிபோர்னியாவில் பிளாக் பாந்தர் என்ற கறுப்பின உரிமை இயக்கத்து இளைஞர்கள் சட்டத்துக்கு உட்பட்டே துவக்கும் கையுமாகப் பொலிஸின் பின்னால் போய்க் கண்காணித்தார்கள். தோட்டா போட்ட துவக்கோடு பொது இடத்தில் நடமாடக் கூடாதென்று அதே வருடம் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரேகன். ஆம், துவக்கு உரிமைக்காரர்கள் இன்றும் தலையில் தூக்கி வைத்திருக்கிற அதே ரேகன்தான்.

நம் மாவட்டத்திலும் எண்பதுகளில் அரசு பொதுமக்களுக்குத் துவக்கு கொடுத்தது. ஊர்காவல் படை என்று சிங்கள, முஸ்லிம் கிராமங்களுக்குக் கொடுத்தது. நம் கிராமங்களுக்கு இல்லை. ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் என்கிறீர்களே, அதை யார் தந்திருப்பார்கள்? வேறு வழியில் வந்த துவக்குகள் என்ன செய்தன என்பதை அப்பாவிடம் கேளுங்கள். 1989 இல், வடக்கு கிழக்கு மாகாண சபை இங்கே திருகோணமலையில் இருந்த நாட்களில், தெருவில் போன பிள்ளைகளைப் பிடித்து, அந்தச் சபையை நடத்திய ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தார் இந்தியப் படையின் துணையோடு கட்டிய தமிழ்த் தேசிய இராணுவத்தில் சேர்த்தார்களே, பிடித்தவர்களும் தமிழர்கள்தான்.

இனி உங்கள் கேள்வி. 2006 ஜனவரி 2 மாலை, காந்தி சிலைப் பக்கம் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த படங்களில் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அதோடு விழுந்தது. பிள்ளைகளிடம் ஒன்றுமே இல்லாததால்தான் விழுந்தது. ஒருவனின் இடுப்பில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால் படத்தில் அதுவும் பட்டிருக்கும். மோதலில் ஐந்து பயங்கரவாதிகள் பலி என்று எழுதி அன்றிரவே கோப்பை மூடியிருப்பார்கள். எதிரே நின்றது பொலிஸின் விசேட அதிரடிப்படை, தம்பி. ஒரு பிஸ்டலுக்குப் பயந்து திரும்பிப் போகிற ஆட்கள் இல்லை.

வெறுங்கையோடு இருந்தால் நீதி வரும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படங்களை எடுத்த சுகிர்தராஜனை அதே ஜனவரி 24 அன்று இதே ஊரில் சுட்டுக் கொன்றார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019 இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் சாட்சியம் போதாதென்று விடுவித்தது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் பயத்தில் நாட்டை விட்டே போயிருந்தார்கள். டெக்சாஸில் இருந்து நீங்கள் ஏதாவது செய்ய நினைத்தால், உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு இந்த வழக்கைப் பற்றி எழுதுங்கள். அந்தச் சாட்சிகள் இப்போது இருக்கிற இடத்தில் இருந்தே பயமில்லாமல் பேச வழி செய்யும்படி கொழும்பை நெருக்கச் சொல்லுங்கள்.