பார் நிறைய இருக்கு, வேகம் எங்கே? மாடுலேஷன் கேள்வி பதில்

செந்தூலிலிருந்து: அண்ணே, 22ஆம் மாடி கொண்டோ. அஞ்சு பார் காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு. போன் 256 க்யூஏஎம் தாங்கும்னு போட்டிருக்கான்.

பார் காட்டுவது பெரும்பாலும் சிக்னலின் பலத்தைத்தான். மாடுலேஷனை, அதாவது அலையில் பிட்களை ஏற்றும் முறையை, முடிவு செய்வது எஸ்ஐஎன்ஆர்: இரைச்சலையும் பக்கத்து டவர்களின் இடையூறையும் உங்கள் சிக்னல் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு. ஐபோனில் *3001#12345#*, சாம்சங் பலவற்றில் *#0011# அழுத்துங்கள், இந்த அளவுகள் தெரியும். ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) மைனஸ் 80 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் 3, 4 என்று கிடந்தால் ஒரு சிம்பலுக்கு (ஒரு அலைத் துண்டுக்கு) 2 பிட் மட்டும் ஏற்றும் க்யூபிஎஸ்கே-தான் கிடைக்கும். 8 பிட் ஏற்றும் 256 க்யூஏஎம் வர எஸ்ஐஎன்ஆர் 20 டெசிபெலுக்கு மேல் வேண்டும். உயர மாடியில் நாலைந்து டவர் நேராகத் தெரிவதால் ஒன்றை ஒன்று கெடுக்கும். ஜன்னலை விட்டு உள் அறையில் சோதியுங்கள்; பார் குறைந்து வேகம் கூடலாம். எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருந்தும் ராத்திரி மட்டும் இழுத்தால் அது நெரிசல், மாடுலேஷன் மேல் பழி போடாதீர்கள்.

கோலாலம்பூர் மாணவி: சார், 64 க்யூஏஎம்-இலிருந்து 256 போனால் வேகம் நாலு மடங்கா?

இல்லைம்மா. சிம்பலுக்கு பிட் 6-இலிருந்து 8 ஆகிறது, மூன்றில் ஒரு பங்குதான் கூடும். 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆண்டெனா 4ஜியில் உச்சம் 150 மெகாபிட்டிலிருந்து 200-ஐ ஒட்டி வரும். ஒவ்வொரு படிக்கும் விலை, அதாவது கூடுதலாக வேண்டிய எஸ்ஐஎன்ஆர், 6, 7 டெசிபெல். லாபமோ 4-இலிருந்து (க்யூபிஎஸ்கே) 16-க்கு 100 சதவீதம், 64-க்கு 50, 256-க்கு 33, 1024-க்கு 25. விலை இறங்கவில்லை, லாபம் தேய்கிறது.

பாயான் லெப்பாஸ், டெஸ்ட் பிரிவு: பேஸ் ஸ்டேஷன் போர்டு 64-இல் பாஸ், 256-இல் ஃபெயில். ஈவிஎம் (சிக்னல் புள்ளிகள் சரியான இடத்திலிருந்து விலகும் அளவு) 5 சதவீதம்.

வரம்பு 64-க்கு 8 சதவீதம், 256-க்கு 3.5. அதனால் முடிவு சரிதான். முதலில் கனெக்டர் இறுக்கத்தையும், அனலைசர் உள்ளீடு ஓவர்லோடு ஆகிறதா என்பதையும் பாருங்கள். பாதி போர்டு அங்கேயே பிழைத்துவிடும். பிறகு பவரை 3 டெசிபெல் இறக்குங்கள். ஈவிஎம் சட்டென விழுந்தால் பவர் ஆம்ப்ளிஃபயர் கம்ப்ரெஷன் (உச்சத்தில் அலை நசுங்குவது).  அசையாவிட்டால் கான்ஸ்டலேஷனை, அதாவது அந்தப் புள்ளிகளின் படத்தை, பாருங்கள்: புள்ளிகள் வில்போல வளைந்து தேய்ந்திருந்தால் ஃபேஸ் நாய்ஸ் (கிளாக்கின் நடுக்கம்), கிளாக்கைத் தேடுங்கள். இல்லையென்றால் ஐ-க்யூ சமனின்மையாகவும் (சிக்னலின் இரு கூறுகள் பொருந்தாமை) இருக்கலாம்.

பட்டர்வொர்த்: மலேசியாவில 3ஜியை 2021 இறுதியில் மூடினாங்க, அதைவிடப் பழைய 2ஜியை ஏன் விட்டு வச்சாங்க?

பழைய மீட்டர், அலாரம் மாதிரியான கருவிகளும் சாதா போன்களும் அதை நம்பியிருந்ததும் ஒரு காரணம். 2ஜியின் மாடுலேஷனான ஜிஎம்எஸ்கேயில் அலையின் உயரம் மாறாது, ஆம்ப்ளிஃபயரை முழு மூச்சில் ஓட்டலாம். 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி 2 வாட் வரை விடும். 2ஜியை வேகப்படுத்திய எட்ஜின் 8-பிஎஸ்கே ஒரு சிம்பலில் 3 பிட் தரும், ஆனால் உயரம் ஏறி இறங்குவதால் பல கைப்பேசிகள் அதில் அரை வாட்டோடு நிற்கும்.

ஆயர் ஈத்தாம்: அடைமழையில் 5ஜி மெதுவாவது மாடுலேஷன் இறங்குவதாலா?

3.5 கிகாஹெர்ட்ஸை மழை பெரிதாகத் தொடாது. டவருக்கு டவர் 80 கிகாஹெர்ட்ஸ் டிஷ் இணைப்பு இருந்தால் அதைத்தான் அடிக்கும். அறுந்துபோகாமல் இருக்க அந்த இணைப்பு தானாகவே 256-இலிருந்து க்யூபிஎஸ்கே வரை இறங்கிக்கொள்ளும்.