ரொட்டி ஏன் மர வகுப்பில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் சுவாஹிலி படிக்கிறேன். பாடநூல் ‘ம்–மி’ (ஒருமையில் ‘ம்’, பன்மையில் ‘மி’ என்று தொடங்கும்) பெயர் வகுப்பை மர வகுப்பு என்கிறது. ஆனால் ஆறு (ம்ட்டோ), கை (ம்கோனோ), ரொட்டி (ம்கட்டே) எல்லாம் அதில்தான் வருகின்றன. நம் உயர்திணை, அஃறிணை போல ஏதேனும் முறை உண்டா, வெறும் மனப்பாடம்தானா?

வாசகர், தார் எஸ் சலாம்

அன்புள்ள நண்பருக்கு,

முறை உண்டு. ஆனால் அகராதியில் சொல் சொல்லாகத் தேடினால் அகப்படாது. ஒரே வேர் வகுப்பு மாறும் இடங்களைப் பாருங்கள். எம்பே மாம்பழம், ம்வெம்பே மாமரம். ஞும்பா வீடு, ஜும்பா மாளிகை, கிஜும்பா சிறுவீடு. உகாண்டாவில் இன்னும் தெளிவு: ஆள் முகாண்டா, மக்கள் பகாண்டா, நாடு புகாண்டா, மொழி லுகாண்டா. (அந்தப் ‘பு’வுக்குச் சுவாஹிலி ‘உ’ போட்டதில் வந்ததே உகாண்டா.) கைக்கும் ரொட்டிக்கும் ‘நீண்டவை’ என்று காரணம் சொல்வோர் உண்டு. எனக்கு அது ஒட்டவைத்த விளக்கமாகவே படுகிறது.

அதிகம் குழப்புவது ‘கி–வி’. சுவாஹிலி சேர்ந்த ஆப்பிரிக்க மொழிக் குடும்பமான பான்ட்டுவின் இலக்கணத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி எண். சுவாஹிலிப் பட்டியலில் 11க்குப் பின் 14 வருவது அச்சுப்பிழையல்ல. 12, 13 சிறியவற்றுக்கான வகுப்புகள். கென்யாவின் கிகுயு மொழியில் இன்றும் உள்ளன, சுவாஹிலியில் மறைந்துவிட்டன. அந்த வேலையும் ‘கி’யின் தலையில் விழுந்தது. கருவி, மொழி, சிறியது எல்லாம் அங்கே நெருக்கியடிக்க இதுவும் ஒரு காரணம். போதாததற்கு அரபியிலிருந்து வந்த கிட்டாபு (புத்தகம்), ‘கி’யில் தொடங்கிய ஒரே தகுதியில் உள்ளே புகுந்து விட்டாபு என்று பன்மையும் பெற்றது. ‘கீப் லெஃப்ட்’ என்ற பலகையால் ரவுண்டானா கிபிலெஃப்டி ஆயிற்று, பன்மை விபிலெஃப்டி.

நீங்கள் கேட்ட திணை இயைபில், அதாவது பெயருக்கேற்ப மற்றச் சொற்கள் மாறுவதில், இருக்கிறது. பெரிய புத்தகம் தொலைந்தால் ‘கிட்டாபு கிகுப்வா கிமெபொட்டெயா’. காண்டாமிருகமும் ‘கி’ சொல்தான். ஆனால் ‘கிஃபாரு ம்குப்வா அமெபொட்டெயா’. உயிருள்ளதென்றால் பெயரடையும் வினையும் மனித வகுப்புக்குத் தாவும்; விலங்குக்கும் அந்த மரியாதை உண்டு. பலர் சறுக்குவது ரஃபிகி (நண்பர்) போன்ற சொற்களில். வினை மனித வகுப்பில் வந்தாலும் ‘என்’ மட்டும் பழைய வகுப்பிலேயே நிற்கும்: ரஃபிகி யங்கு, ‘வங்கு’ அல்ல.

ஒருமையை மட்டும் குறித்துவைக்காதீர்கள். ம்ட்டு (மனிதர்), ம்ட்டோ இரண்டுக்கும் முன்னொட்டு ஒன்றே. வாட்டு, மிட்டோ என்ற பன்மையில்தான் பிரியும். கூடவே ஒரு வினையும் எழுதுங்கள்: மனிதர் தொலைந்தால் அமெபொட்டெயா, ஆறு நிரம்பினால் உமெஜா.