விருந்தினர் வருமுன் ஃபர்னஸைக் கவனியுங்கள்

கேள்வி: நத்தார் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். பேஸ்மெண்ட் அறையில் தங்கவைக்கப் போகிறோம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை எப்படித் தயார்செய்வது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: முன்கூட்டியே கேட்டது நல்லது, தங்கச்சி. நத்தாருக்கு முதல்நாள் ஃபர்னஸ் நின்றுபோனால் திருத்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்றே சுவிட்சை அணைத்து, ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். விளிம்பிலுள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்கட்டும். ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறைந்து, ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடேறித் தானே நின்றுவிடும். நான் திருத்தப்போகும் வீடுகளில் அடிக்கடி காண்பது இதைத்தான்.

கட்டிலைக் காற்று வரும் துளையின்மேல் போடாதீர்கள். வெளிச்சுவரிலுள்ள புகைக்குழாயைப் பனி மூடவும் விடாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி விஷயத்தில் மட்டும் அசட்டை கூடவே கூடாது. ஃபர்னஸிலிருந்து கசியக்கூடிய அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே கருவி இருக்கவேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். பெற்றோர் உறங்கும் அறைக்கு வெளியேயும் ஒன்று மாட்டுங்கள். அவர்கள் வந்ததும் பொத்தானை அழுத்தி அந்த ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். அது அலறினால் மேலங்கியைக்கூடத் தேடாமல் வெளியேறி, 911-ஐ அழைக்கவேண்டும் என்று சொல்லிவையுங்கள்.