நம்புவதற்குக் கடிதம் என்ன குலதெய்வமா?

கேள்வி: மதுரைச் சீமையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பாதிரிமார், கலெக்டர்மார் கடிதங்களைக் கொண்டே எழுதுகிறார்கள். ஒருதலைப்பட்சமான இந்தக் காகிதங்களை நம்பலாமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: நம்புவதற்குக் கடிதம் என்ன குலதெய்வமா? குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய சாட்சி அது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பாதிரியார், தம் கடிதத்தைப் பாஸ்டனில் படிக்கப்போகிறவர்களே காணிக்கை தருகிறவர்கள் என்பதை அறிந்தே எழுதினார்; ஆகவே மதம் மாறியவர்களைப் பற்றி அவர் சொல்வதைச் சலித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஊரில் வாந்திபேதி, கிணறு வற்றிவிட்டது என்று போகிற போக்கில் எழுதுவாரானால், அதில் பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வசூல் குறைந்ததற்கு வானத்தைப் பழித்து மேலிடத்துக்கு எழுதும் கலெக்டரையும் இப்படியே படிக்கலாம்.

ஒருதலைப்பட்சம் என்கிறீர்களே, நம்மவர்களின் கும்பாபிஷேக மலர்களைப் படித்ததுண்டா? திருமலை நாயக்கருக்கு வலக்கையாக விளங்கியதாகச் சொல்லிக்கொள்ளாத குடும்பம் இந்த ஜில்லாவில் அரிது. இத்தனை வலக்கைகளை வைத்துக்கொண்டு மன்னர் எந்தக் கையால் உண்டார், இடக்கை வேலைகளை யாரிடம் விட்டார் என்பது குறித்து இதுவரை ஒரு கட்டுரையும் எனக்கு வரவில்லை. வலக்கைக் கட்டுரைகள் மட்டும் மாதந்தோறும் வருகின்றன. ஆதாரம் கேட்டால் 'நெல்சனே சொல்லியிருக்கிறார்' என்பார்கள். 1868இல் வெளிவந்த, ஆங்கிலேய அதிகாரி நெல்சன் எழுதிய மாவட்டக் கையேடான மதுரை மேனுவலைப் புரட்டியிருந்தால், நாயக்கர் காலத்துக்கு அவரே பெரிதும் சார்ந்திருப்பது, பெர்த்ராந்து பாதிரியார் பிரெஞ்சில் தொகுத்து வெளியிட்ட சேசு சபைக் கடிதங்களை என்பது தெரிந்திருக்கும். பாதிரியை வாசலில் தடுத்துவிட்டுக் கொல்லைப்புறமாக அழைத்துவருவது என்ன நியாயம்?

மேலும், அக்காலத்து ஆவணக் கட்டுகளில் இருப்பது வெள்ளைக்காரர் குரல் மட்டுமன்று. 1829இல் சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் மறைந்தபின் தொடங்கிய வாரிசு வழக்கு, 1863இல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்ததா இல்லையா என்று வழக்காடியவர்கள் நடத்திய வாதங்கள், நம் வீட்டுச் சங்கதிகளை எந்த மலரும் சொல்லாத அளவுக்குச் சொல்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் சேசு சபைக் காப்பகத்திலும் காகிதங்கள் காத்திருக்கின்றன. போய்ப் படிப்பவர்கள்தாம் குறைவு.

மறுதலையும் வேண்டுமென்றால், உங்கள் ஊர்ப் பழைய கர்ணம் வீட்டுப் பரணில் இராமபாணப் பூச்சி தின்றது போக எஞ்சியதை, பழைய பேப்பர்க்காரர் வருவதற்குள் இறக்கிப் பாருங்கள். அங்கும் வலக்கை ஒன்று கிடைத்தால், தயவுசெய்து எனக்கு அனுப்பவேண்டாம்.