வெளிநாடுகளில் காப்புரிமை பெறுவது எப்படி? ‘உலகக் காப்புரிமை’ என்று ஒன்று உண்டா?

கேள்வி கேட்டவர் சொந்த நாட்டில் விண்ணப்பித்துவிட்டார். ஒரே காப்புரிமையில் எல்லா நாடுகளையும் அடக்க முடியுமா என்கிறார்.

முடியாது. ‘இன்டர்நேஷனல் பேட்டன்ட்’ வாங்கித் தருகிறோம் என்று யாராவது விலை சொன்னால், அவர்கள் விற்பது பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை) விண்ணப்பம், அதாவது பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் ஒரே விண்ணப்பம். அது வெறும் விண்ணப்பம்தான். அதை வைத்து எந்த நாட்டிலும் யாரையும் தடுக்க முடியாது. காப்புரிமையை ஒவ்வொரு நாடோ, ஐரோப்பா போன்ற இடங்களில் வட்டார அலுவலகமோதான் தனித்தனியாகத் தரும். வாங்காத நாட்டில் உங்கள் பொருளை யாரும் செய்து விற்கலாம்.

எல்லாமே தேதிக் கணக்குதான். முதல் விண்ணப்பம் 2025 ஏப்ரல் 8 அன்று போட்டதாக வைத்துக்கொள்வோம். பாரிஸ் உடன்படிக்கைப்படி 12 மாதம், அதாவது 2026 ஏப்ரல் 8 வரை, வேறு நாடுகளில் விண்ணப்பித்தால் பழைய தேதியே முன்னுரிமைத் தேதியாக, அதாவது விஷயம் புதியதா என்று பார்க்கும் தேதியாக, நிற்கும். அதற்குள் நாடு நாடாகப் போடலாம், அல்லது ஒரே பிசிடி விண்ணப்பம் போடலாம். பிசிடி போட்டால் பெரும்பாலான நாடுகளுக்குள் நுழைய, அதாவது அந்தந்த நாட்டு அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் தொடர, முதல் தேதியிலிருந்து 30 மாதம், 2027 அக்டோபர் 8 வரை, நேரம் உண்டு. ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்துக்கு 31 மாதம். தைவான் பிசிடி-யில் இல்லை. அது வேண்டுமென்றால் 12 மாதத்துக்குள் நேராகவே போட வேண்டும். இரண்டே நாடுகள் போதும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு பிசிடி வீண் செலவு. சந்தை எங்கே என்று இன்னும் தெரியாதவருக்கு, மொழிபெயர்ப்புச் செலவையும் அந்தந்த நாட்டு ஏஜென்ட் கட்டணத்தையும் 18 மாதம் தள்ளிப்போட அதைவிட நல்ல வழி இல்லை.

பிசிடி-யில் உண்மையில் காசுக்கு மதிப்பானது, உங்கள் யோசனையை ஒத்தது முன்பே வெளிவந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் தேடல் அறிக்கை. முன்னுரிமைத் தேதியிலிருந்து சுமார் 16ஆம் மாதம் வரும். அதில் ஒவ்வொரு பழைய ஆவணத்துக்கும் எதிரே ஓர் எழுத்து இருக்கும். ‘எக்ஸ்’ என்றால் அந்த ஒரு ஆவணமே உங்கள் கோரிக்கையை (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதும் வாசகத்தை) வீழ்த்தப் போதும் என்று பொருள். ‘ஒய்’ என்றால் இன்னொன்றோடு சேர்ந்து வீழ்த்தும். ‘ஏ’ வெறும் பின்னணி. எல்லாக் கோரிக்கைகளுக்கும் எதிரே ‘எக்ஸ்’ விழுந்திருந்தால், கோரிக்கைகளைத் திருத்தாமல் நாடுகளுக்குள் நுழைவது பணத்தைக் கொட்டுவது. விண்ணப்பம் 18ஆம் மாதம் வெளியாகும். அதற்குமுன் பிசிடி, உள்நாடு இரண்டையும் திரும்பப் பெற்றால் விஷயத்தைத் தொழில் ரகசியமாகவாவது வைத்திருக்கலாம். ஆனால் வெளியீட்டுக்கான தயாரிப்பு முடிவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். கடைசி இரண்டு வாரத்தை நம்ப வேண்டாம்.

பெரும்பாலோர் சறுக்குவது முதல் விண்ணப்பத்தின் எழுத்தில். ஒரு பம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பத்தில் ‘ரப்பர் வால்வு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. ‘தேதி கிடைத்துவிட்டதே’ என்று மூன்றாவது மாதம் யூடியூபில் வீடியோ போடுகிறார்கள். பத்தாவது மாதம் சிலிக்கோன் சவ்வு நன்றாக வேலை செய்கிறது என்று கண்டு அதையும் சேர்த்து பிசிடி போடுகிறார்கள். சவ்வு முதல் விண்ணப்பத்தில் இல்லாததால் அதற்குப் பழைய தேதி கிடைக்காது. பிசிடி போட்ட நாள்தான் அதன் தேதி. அதற்குள் வெளியான சொந்த வீடியோவே எதிர்ச் சான்றாகிவிடும்: ரப்பர் வால்வைப் பார்த்த தொழில்நுட்பக்காரருக்குச் சவ்வு எளிதில் தோன்றியிருக்கும் என்று பரிசோதகர் சொல்லுவார். அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியாவில் சொந்த வெளியீட்டுக்கு 12 மாதச் சலுகை உண்டு. ஐரோப்பாவிலும் சீனாவிலும் இப்படிப்பட்ட வீடியோவுக்கு அது கிடையாது.

இதே காரணத்தால் ‘ரப்பர் வால்வு’ என்பதைப் பின்னால் ‘ஒருவழி வால்வு’ என்று விரிக்கவும் ஐரோப்பா விடாது. தாக்கல் செய்த நாளில் இருந்த உரையில் அந்தப் பொதுச் சொல்லோ மாற்று வடிவங்களோ இருந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு இரண்டு பக்க தற்காலிக விண்ணப்பம் (முழு விவரத்தைப் பின்னால் தரலாம் என்று போடும் முதல் விண்ணப்பம்) போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இன்னும் இரண்டு கண்ணிகள். சில நாடுகளில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க முன் அனுமதி வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் அனுமதி வாங்க வேண்டும், அல்லது உள்நாட்டில் போட்டு 6 வாரம் பொறுக்க வேண்டும். அமெரிக்காவில் உருவானதற்கு அந்தக் காத்திருப்பு 6 மாதம். கண்டுபிடித்தவர்கள் இரு நாடுகளில் இருந்தால் இரண்டு விதியும் பொருந்தலாம். மற்றது உரிமை மாற்றம்: முதல் விண்ணப்பம் தனிநபர் பெயரிலும் பிசிடி நிறுவனத்தின் பெயரிலும் போகிறதென்றால், முன்னுரிமையும் சேர்த்து எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் பிசிடி-க்கு முன்பே கையெழுத்தாகி இருக்கட்டும்.

நாடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே விற்கும், போட்டியாளரின் தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். பெரும்பாலான சிறிய நிறுவனங்களுக்கு மூன்று நான்கு நாடுகளே அதிகம். ஐரோப்பாவில் 15-க்கு மேற்பட்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் கூடுதல் கட்டணம் உண்டு, நுழையும்போதே வெட்டிவிடுங்கள். காப்புரிமை கிடைக்கும் முன்பே, 3ஆம் ஆண்டிலிருந்து, அங்கே ஆண்டுக் கட்டணமும் ஓடத் தொடங்கும். அமெரிக்காவில் ஆண்டுக் கட்டணம் இல்லை. கிடைத்தபின் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் மூன்று தவணை.