பகுதிநேர வேலையை நம்பி ஸ்வீடன் போகலாமா?

கேள்வி: அக்கா, நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி ஆண்டு படிக்கிறேன். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் தவணைக் கட்டணத்துக்கு அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். மீதியைப் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துவிடலாம் என்கிறார் மாமா. அம்மாவுக்குக் குளிரையும் இருட்டையும் நினைத்துப் பயம். நீங்கள் அங்கேயே படித்தவர் என்பதால் கேட்கிறேன், போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: அம்மாவின் பயம் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். லுண்ட் ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே பனியைவிட மழையும் காற்றும்தான் ஆளைப் படுத்தும். டிசம்பரில் பகல் சுமார் 7 மணி நேரம்தான். அதிலும் சூரியன் எட்டிப் பார்க்காத நாட்கள் நிறைய. கனமான கோட்டை ஊரிலிருந்து சுமந்து போகாதே. காற்று புகாத மழை ஜாக்கெட்டை அங்கேயே வாங்கிக்கொள். குடை வேண்டவே வேண்டாம், முதல் வாரத்திலேயே கம்பி முறிந்துவிடும்.

மாமா சொல்வதுதான் எனக்குக் கவலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2011 முதல் அங்கே கட்டணம் உண்டு. உன்னுடையது போன்ற படிப்புக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் குரோனாவை (அந்த நாட்டுப் பணம்) ஒட்டி ஆகும். அதை ஒவ்வொரு பருவத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இதை எந்தப் பகுதிநேர வேலையாலும் ஈடுகட்ட முடியாது. கடையிலோ உணவகத்திலோ வாடிக்கையாளரிடம் பேசும் வேலை என்றால் ஸ்வீடிஷ் கேட்பார்கள். மொழி தெரியாதவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது துப்புரவு, சமையலறை, சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, விடியுமுன் பேப்பர் போடுவது. என்னோடு படித்த ஒருவன் பேப்பர் போட்டுவிட்டு நேராக வகுப்புக்கு வருவான், முதல் வரிசையிலேயே தூங்குவான். அந்தச் சம்பளம் மளிகைக்கும் போன் பில்லுக்கும் சரியாக இருந்தது.

இன்னொன்று. குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது படிக்கும் காலத்துக்கான வாழ்க்கைச் செலவும் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். மாதத்துக்கு 10,000 குரோனாவுக்கு மேல் கணக்கு வைப்பார்கள், தொகை ஆண்டுதோறும் மாறும். பணம் உன் பெயரில் உள்ள கணக்கில், நீயே எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள வைப்புத்தொகையைக் காட்டினால் செல்லாது. இதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடு.

படிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அந்தக் கூச்சம் போகவே ஒரு பருவம் ஆனது. கால அட்டவணையில் 10 என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத்தான் தொடங்கும். குழுவாகச் செய்யும் ப்ராஜெக்ட்கள் நிறைய வரும். நம் பிள்ளைகள் மரியாதைக்காக வாயைத் திறக்காமல் இருப்பார்கள், மற்றவர்களோ வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று முதல் கூட்டத்திலேயே சொல். தேர்வில் தவறினால் மறுதேர்வு உண்டு, யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் அறிக்கையில் அடுத்தவர் எழுத்தை மூலம் சொல்லாமல் சேர்த்தால் ஒழுங்குக் குழு வரை போகும்; 6 மாதம் வரை இடைநீக்கம் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

படிப்பு முடிந்ததும் வேலை தேட ஓராண்டு வரை தங்க அனுமதி கேட்கலாம். மாமா சொல்லும் சம்பாத்தியத்தை அப்போது யோசிக்கலாம். ஸ்வீடிஷ் வகுப்பில் முதல் பருவத்திலேயே சேர்ந்திருந்தால் அந்த ஓராண்டில் நிஜமாகவே கைகொடுக்கும்.

கடனோ உதவித்தொகையோ, இரண்டாண்டுக்கும் பணத்துக்கு வழி தெரிந்தால் தாராளமாகப் போ. முதல் தவணை மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த ஆண்டு வேண்டாம். இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கத் தனிக் காரணம் கேட்பார்கள், பணம் போதவில்லை என்பதை நம்பி அதைக் கேட்டுக்கொண்டிருக்காதே. ஜனவரி நடுவில் முடியும் அடுத்த சுற்றில் 900 குரோனா கட்டி மறுபடி விண்ணப்பி. உதவித்தொகைக்கும் கூடவே விண்ணப்பம் போடு.