மாடிப்படியில் வீசும் ஸ்கங்க் வாடை

கேள்வி: டாக்டர், என் மகன் கிழக்கு லண்டனில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலமானால் அந்தக் கட்டடத்து மாடிப்படியில் குமட்டும் நாற்றம். கேட்டதற்கு, "அது ஸ்கங்க்மா, கீழ்வீட்டுப் பையன்கள் புகைக்கிறார்கள்" என்றான். அது கஞ்சாவா, வேறு ஏதாவதா? அந்த வாடை பட்டாலே போதை ஏறுமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: கஞ்சாதான் அம்மா. மாடிப்படியைக் கடந்து போவதால் போதை ஏறாது. காற்றோட்டமில்லாத சின்ன அறையில், பலர் புகைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தால்தான் லேசாகத் தலைக்கு ஏறும். அந்த விஷயத்தில் கவலையை விடுங்கள்.

ஸ்கங்க் என்பது அமெரிக்காவில் திரியும், பூனை அளவுள்ள, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட விலங்கு. பயந்தால் வாலைத் தூக்கி நாற்றநீரைப் பீய்ச்சும். 1970களில் கலிபோர்னியாவில் சிலர் மூன்று நாட்டுக் கஞ்சாச் செடிகளைக் கலந்து இனம் சேர்த்தார்கள். ஒன்று ஆப்கானிஸ்தானின் குட்டையான, அகன்ற இலைச் செடி. சீக்கிரம் பூக்கும், பிசின் அதிகம். மற்ற இரண்டும் மெக்சிகோவின் அகாபுல்கோ பக்கத்துச் செடியும் கொலம்பியாச் செடியும். இவை நெடுநெடுவென வளர்ந்து மெதுவாகப் பூப்பவை. பிறந்த கலப்பினத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, விதை போட்டால் தாய்ச்செடி போலவே வரும்படி நிலைப்படுத்தினார்கள். நாற்றத்துக்காக அதற்கு வைத்த பெயர்தான் 'ஸ்கங்க் நம்பர் 1'. 1980களில் விதை நெதர்லாந்துக்குப் போனது. 1988இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த முதல் கஞ்சாப் போட்டியில் பரிசும் வாங்கியது. இன்றைக்கு விற்கும் எத்தனையோ கலப்பினங்களில் அதன் ரத்தம் ஓடுகிறது.

லண்டனில் என் தங்கை வீட்டில் தங்கியபோது நானும் அந்த வாடையை முகர்ந்திருக்கிறேன். முதலில் எரிந்த ரப்பர் போல முகத்தில் அடிக்கும். நாலு படி ஏறியதும் அதற்கடியில் மிளகும் மாங்காய்ப் பாலும் தெரியும். உண்மையிலேயே அவை அதில் இருக்கின்றன. கேரியோஃபிலின் என்ற பொருள்தான் மிளகு வாசனையில் பங்கு வகிக்கிறது. மிர்சீன் என்ற இன்னொரு பொருள் மாங்காய்க் காம்பில் வடியும் பாலிலும் உண்டு. ரப்பர் வாடைக்குக் காரணம் வேறு. 2021இல் அமெரிக்க வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது ஒரு கந்தகச் சேர்மம்: 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால். பச்சை பாட்டில் பீரை வெயிலில் வைத்தால் கெட்டுப்போய் நாறுமே, அதே பொருள். பூண்டு வாடை தரும் கந்தகப் பொருள்களுக்கும் இதற்கும் அமைப்பில் ஒற்றுமை உண்டு. செடியில் இது மிகமிகக் கொஞ்சம்தான், ஆனால் நம் மூக்கு கந்தகத்தை விடாது.

நாற்றத்துக்கும் போதைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. போதை தரும் டி.எச்.சி.க்கு வாசனையே கிடையாது. பிரிட்டனில் இப்போது விதையில்லாத, வீரியமான பூக்கஞ்சா எல்லாவற்றுக்கும் ஸ்கங்க் என்றே பெயர். 2016இல் அங்கே போலீஸ் பிடித்தவற்றை ஆராய்ந்தபோது 94 சதவீதம் இந்த வகை. டி.எச்.சி. சுமார் 14 சதவீதம். அதன் வேகத்தைத் தணிக்கக்கூடியதாகக் கருதப்படும் சி.பி.டி. கிட்டத்தட்ட இல்லை. மூளையின் சி.பி.1 ஏற்பிகளில், அதாவது நரம்புச் செல்கள் சமிக்ஞை வாங்கும் இடங்களில், டி.எச்.சி. போய் ஒட்டுகிறது. சிரிப்பு வரும், பசிக்கும், நேரம் நீண்டுபோகும், நெஞ்சு படபடக்கும், சொன்ன வார்த்தை மறந்துவிடும். சிலருக்குக் காரணமில்லாத பயமும் சந்தேகமும் வரும். என்னைக் கவலைப்படுத்துவது தினப் பழக்கம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. தினமும் வீரியக் கஞ்சா எடுப்பவர்களிடம் சைக்கோசிஸ் எனும் மனப்பிறழ்வு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு காணப்பட்டது.

மகனைக் குற்றவாளி மாதிரி விசாரிக்க வேண்டாம். ஸ்கங்க் என்று பெயரைச் சொல்லி உங்களிடம் பேசுகிறானே, அதுவே நல்லது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதை மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள். அப்படி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கஞ்சா அங்கே 'பி' வகுப்புப் போதைப்பொருள், வைத்திருந்தாலே ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு என்பதையும் சொல்லுங்கள். மற்றதை அவனைப் பேசவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கலப்பினக் கஞ்சா ரகங்களில் நம் பக்கத்துச் செடி ஏதாவது இருக்கிறதா சார்? தாவரவியல் புராஜெக்டுக்காகக் கேட்கிறேன். – ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: இருப்பதாகச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் உருவான 'ஹேஸ்' ரகத்தில் மெக்சிகோ, கொலம்பியா, தாய்லாந்துச் செடிகளோடு தென்னிந்தியச் செடியும் சேர்ந்ததாகக் கதை. 1990களில் நெதர்லாந்தில் பிரபலமான 'ஒயிட் விடோ'வுக்கு பிரேசில் செடியும் கேரளப் பக்கச் செடியும் பெற்றோர் என்பார்கள். இதெல்லாம் விதை வியாபாரிகள் சொல்லும் வம்சாவளி. 2015இல் கனடாவில் மரபணுவைச் சோதித்தபோது, ஒரே பெயரில் விற்கும் மாதிரிகள் பலமுறை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சாட்டிவா (மெலிந்த இலை நெட்டைச் செடி), இண்டிகா (அகன்ற இலைக் குட்டைச் செடி) என்ற முத்திரையும் அப்படித்தான், நம்ப முடியாது. புராஜெக்டில் 'கூறப்படும் பெற்றோர்' என்று தனிப் பத்தி போட்டு எழுதுங்கள், சரியாக இருக்கும்.